கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கேள்வி: எங்கள் காலத்தில் ஆரையம்பதியிலிருந்து கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தோம். இன்றைக்கு முடக்குக் கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. பிறகு பெற்றோல் விலை கூடிவிட்டது, கரண்ட் பில் கூடிவிட்டது என்று புலம்பல். செலவைச் சுருக்கத் தெரியாத இந்தச் சனத்துக்கு நீங்கள் ஏன் புத்தி சொல்வதில்லை?
ஓய்வுபெற்ற அரச ஊழியர், கல்லடி

பதில்: ஐயா, நீங்கள் சைக்கிள் மிதித்து உழைத்ததை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற புத்தியை நான் சொல்லப் போவதில்லை. சுருக்க வேண்டியதை எல்லாம் அந்தச் சனம் எப்போதோ சுருக்கிவிட்டது. அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய்வர ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சின்ன மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றர் போகும். 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 4,425 ரூபாய். மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் முடிவில் 470 என்று ஏறியது. அதே மனிதருக்கு அதே வேலைக்குப் போய்வர மட்டும் 11,750 ரூபாய். அந்த நேரம் சட்டத்தில் இருந்த ஆகக்குறைந்த மாத அடிப்படைச் சம்பளம் 12,500 ரூபாய். மிச்சம் 750 ரூபாயில் எதைச் சுருக்குவது?

காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. 2022 ஜூலையில் எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். கடையில் கிழமைக்கு ஆறு நாள் வேலை. நாலு நாளைக்கு எண்ணெய் இருந்தது, மிச்சம் இரண்டு நாளைக்கு அவரவர் பாடு. அந்த இரண்டு நாளில்தான் ஐயா, நம் சனம் வழக்கத்தை மாற்றியது. நீங்கள் சொல்கிற சைக்கிள் அப்போதே திரும்பி வந்துவிட்டது. பரணில் கிடந்ததை இறக்கி, துருவைத் தேய்த்து, ரியூப் மாற்றி மிதித்தார்கள். பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. பிறகு பெற்றோல் இறங்கியது உண்மைதான். ஆனால் 177 ரூபாய்க்கு அது திரும்பவேயில்லை.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிற தங்கச்சி கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஓர் ஊர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனம் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தது. பாலம் வந்த பிறகுதான் டவுனில் தினமும் வேலை செய்து இரவே வீடு திரும்பலாம் என்ற நிலை அவர்களுக்கு வந்தது. அந்த நம்பிக்கையில் லீசிங் போட்டு ஒரு ஸ்கூட்டி எடுத்தாள். இப்போது ஸ்கூட்டி வீட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது, லீசிங் காசு மட்டும் மாதா மாதம் போகிறது. காலையில் சந்திவரை சைக்கிள், அதை மாமி வீட்டில் விட்டுவிட்டு பஸ். மழை நாளில் பக்கத்து வீட்டு அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவாள். ஒரு கிழமை எண்ணெய் அவருடையது, அடுத்த கிழமை இவளுடையது.

அவளிடம் 80 பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தைக் காட்டியபோது, ஒன்றும் பேசாமல் அதை எடுத்து என் மேசையில் வைத்தாள். பக்கத்தை நீளவாக்கில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறாள்: பஸ், எண்ணெய், மா, மீன், பால்மா, கரண்ட், அம்மாவின் பிரஷர் குளிசை, தம்பி ரியூசன். 2022 பங்குனி மாதத்தோடு பால்மாக் கோட்டில் எழுத்து நிற்கிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் தேயிலை என்று எழுதியிருக்கிறாள். ரியூசனில் நாலு பாடம் இரண்டாகி, பிறகு கணிதம் மட்டும். குளிசை இருக்கிற நிரலில் சில மாதம் பாதித் தொகை. ஏன் என்று கேட்டேன். அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாராம், இவளுக்குத் தெரியாமல்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. காஸுக்கு மாறியிருந்த வீடுகள் திரும்பவும் பொச்சுமட்டைக்கும் தென்னம்பாளைக்கும் போயின. காசு மிச்சம்தான். ஆனால் விறகு பொறுக்குவதும், ஊதி எரிப்பதும், கரிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதும் யார் தலையில் விழுந்தது? வேலைக்குப் போகிற பெண் ஐந்தரைக்கு எழும்பிய இடத்தில் நாலரைக்கு எழும்புகிறாள். வீட்டுக்குச் சிக்கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவளுடைய நித்திரை. இதை எந்தக் கொப்பியிலும் ஒருவரும் எழுதுவதில்லை.

மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் கூடியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. ஆகக்குறைந்த சம்பளம் 17,500 ஆக உயர 2024 செப்டெம்பர்வரை பொறுக்க வேண்டியிருந்தது. இடையில் போன மாதங்களை நகை அடகும், சீட்டும், குழுக் கடனும்தான் தாங்கின. அந்தக் கடனை இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு.

இனி உங்கள் சைக்கிளுக்கு வருகிறேன். அரச கந்தோர் நாலேகாலுக்கு முடியும். நீங்கள் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர்ந்தீர்கள். புடைவைக் கடையில் நிற்கிற பிள்ளைக்கு ஏழு, ஏழரை ஆகும். பண்டிகைக் காலம் என்றால் ஒன்பது. அதற்குள் உள்ளூர்ப் பக்கம் போகிற பஸ் போய்விடும். இருட்டில் வயல் வழியே சைக்கிளில் போகச் சொல்வீர்களா? படுவான்கரையில் யானை இறங்குகிற வீதிகள் எவை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாரியில் மண்டூர், வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடினால் பகலிலும் போக முடியாது. பஸ் இல்லாததால்தான் பலர் கடன்பட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாண் வாங்க முடக்குக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு நடக்கச் சொல்லுங்கள், நானும் கூடச் சொல்கிறேன். ஆனால் அவர்களை வைத்து ஒரு ஊரையே எடைபோடாதீர்கள்.

சிக்கனம் கேட்க வேண்டிய இடம் வேறு. ஆறு மணிக்குமேல் ஆட்களை நிறுத்திவைக்கிற முதலாளிமார் வாவியைக் கடக்க வேண்டியவர்களை ஒரு மணித்தியாலம் முந்தி விடலாம், அல்லது போக்குவரத்துக் காசு கொடுக்கலாம். எங்கள் அலுவலகமே இதைப் பிந்தித்தான் செய்தது. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் தங்கச்சியை ஐந்து மணிக்கு அனுப்பத் தொடங்கினோம். அதற்கு முன் இரண்டு வருடம் அவளுடைய அப்பா ரோச் லைற்றோடு சந்தியில் வந்து நின்றிருக்கிறார். அது எனக்குத் தெரியாமல் இருந்தது என் பிழை.

ஐயா, நீங்கள் கச்சேரியில் இருந்தவர். எந்த அதிகாரிக்கு எப்படி எழுதினால் கோப்பு நகரும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். இரவு ஏழேமுக்காலுக்கு டவுனிலிருந்து மண்முனைப் பாலம் வழியாக உள்ளூர்வரை ஒரு பஸ் விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தாருங்கள். கடைகடையாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆள் தயாராக இருக்கிறது.