நஞ்சுக்கொடி தங்கி குதிரை இறந்தால் மருத்துவர் மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: என் 16 வயதுக் குதிரை இரவு 11 மணிக்குக் குட்டி ஈன்றது. நஞ்சுக்கொடி விழவில்லை. அதிகாலை 3 மணிக்குக் கால்நடை மருத்துவரிடம் போனில் சொன்னேன். "தானாக விழுந்துவிடும்" என்றார். மாலையில்தான் வந்தார், தொங்கியதைப் பிடித்து இழுத்து எடுத்தார். மூன்றாம் நாள் கடும் காய்ச்சல், முன்கால் ஊன்ற முடியவில்லை. ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கேட்க இடமிருக்கிறது. ஆனால் குதிரை இறந்ததே மருத்துவரின் கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. செய்ய வேண்டியதை அவர் செய்யவில்லை, அதனால்தான் இறந்தது என்று இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில்தான் இத்தகைய வழக்குகள் சறுக்கும்.

உங்களுக்குச் சாதகம், நேரக்கணக்கு. பசுவுக்கு அரை நாள் பொறுக்கலாம். குதிரைக்கு 3 மணி நேரம் தாண்டினாலே நஞ்சுக்கொடி தங்கிவிட்டதாகத்தான் பொருள். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, கருப்பையைக் கழுவுதல் என்று இறங்கியிருக்க வேண்டும். பலமாக இழுத்தால் கிழிந்து, பெரும்பாலும் கருப்பையின் இரு கிளைகளில் (கொம்புகளில்) குட்டி இல்லாத பக்கத்துக் கிளையிலிருக்கும் நுனித் துண்டு உள்ளேயே நின்றுவிடும். அது அழுகி விஷம் ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் குளம்பு அழற்சியும் வரும். நீங்கள் சொல்லும் வரிசையும் அதுதான்.

எதிர்த்தரப்பு, "வயதான குதிரை, கருப்பைத் தமனி வெடித்திருக்கும், யாராலும் தடுக்க முடியாது" என்று சொல்லும். வெடித்தால் வியர்வை, வயிற்றுவலி, வெளிறிய ஈறு எனத் திடீரென்று விழும். மூன்றாம் நாள் குளம்பு வலி அதற்குப் பொருந்தாது. பிரேதப் பரிசோதனை இருந்தால் இந்தச் சண்டையே இல்லை: வயிற்றில் தேங்கிய ரத்தமா, கருப்பைக்குள் துண்டும் சீழுமா என்று தெரிந்துவிடும். செய்யாமல் புதைத்திருந்தால், நஞ்சுக்கொடியை விரித்து எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நுனி குறைந்திருப்பது படத்திலேயே தெரியும்.

போன் அழைப்புப் பதிவு, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். குதிரை மருத்துவத்தில் தேர்ந்த இன்னொரு மருத்துவரின் எழுத்துக் கருத்து கையில் வந்த பிறகே வக்கீல் நோட்டீஸ். அதுவரை வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். கோபத்தில் எழுதும் ஒரு வரி உங்களுக்கே எதிராகத் திரும்பும். காலையிலிருந்து மாலைவரை வேறு மருத்துவரை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் இல்லையென்றால் நஷ்டஈடு குறையலாம்.

காப்பீடு இருந்தால் இன்றே தெரிவியுங்கள். தாமதத்தைக் காட்டியே மறுப்பார்கள். தொகையைக் கணக்கிடும்போது குதிரையின் சந்தை மதிப்போடு, தாயற்ற குட்டியை வளர்க்கும் பால் செலவையும் சேருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.