கடலோர ஊர்ல ரெனவேஷன் பண்ணின வீடு வாங்குறீங்களா? சீலிங்கை தட்டிப் பாருங்க

நாகப்பட்டினத்துல கடல்ல இருந்து 400 மீட்டர் தூரத்துல, 1985ல கட்டின குடும்ப வீடு விலைக்கு வந்திருக்கு, போன வருஷம்தான் டைல்ஸ், மாடுலர் கிச்சன், பெயின்ட்னு எல்லாம் புதுசு பண்ணிருக்காங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேர் விக்கிறாங்க, அட்வான்ஸ் கொடுக்கலாமான்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

இப்போதைக்கு கொடுக்காதீங்க சார். முதல்ல ஒரு சின்ன சுத்தியலோட திரும்ப ஒரு தடவை போங்க.

கடல் காத்துல வர்ற உப்பு கான்க்ரீட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கி கம்பியை துருப்பிடிக்க வச்சிடும், அந்தத் துரு பழைய இரும்பை விட பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால கான்க்ரீட் உள்ள இருந்தே வெடிச்சு பேத்துக்கிட்டு வரும். 2000ல வந்த ஐஎஸ் 456 கோடு, அதாவது கான்க்ரீட் கட்டடத்துக்கான இந்திய தர விதி, கடல் காத்து படுற வீட்டுக்கு எம்30ங்கிற வலுவான தர கான்க்ரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கிற கான்க்ரீட் கனம்) கேக்குது. 1985ல தளத்துக்கு 15 மில்லிமீட்டர் விட்டாலே பெருசு. 40 வருஷ உப்பு அதை எப்பவோ தாண்டிருக்கும்.

பாத்ரூம் சீலிங், சன்ஷேடு அடிப்பக்கம், பால்கனி, போர்டிகோ, இங்கெல்லாம் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ள விட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா ஒரு லைட்டை கழட்டச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாருங்க. வேளாங்கண்ணி பக்கம் ஒரு வீட்டுல நான் அப்படித்தான் பாத்தேன், கீழ பளபளன்னு ஹால், மேல கம்பி இலை இலையா உரிஞ்சு விரல் பட்டதும் செதில் செதிலா கொட்டுச்சு, எனக்கே மனசு பதறிடுச்சு, குழந்தைங்க தூங்குற ரூம் அது.

ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொன்னா, பூசுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவை கேளுங்க. கம்பிக்கு பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவை சுரண்டி, மெலிஞ்ச கம்பிக்கு புதுசு சேத்து, கோட்டிங் அடிச்சு, பாலிமர் கலவை வச்சு அடைச்சிருக்கணும். வெறும் சிமென்ட் பூச்சுன்னா அது சீக்கிரமே திரும்ப விழும். சந்தேகம்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வச்சு கான்க்ரீட் தூள் எடுத்து, உப்பு எவ்வளவு இறங்கிருக்குன்னு காட்டுற குளோரைடு டெஸ்ட் பண்ணிடுங்க. சுவத்தை ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் பாக்கிறது நல்லது, அடியில உப்பு பூத்து பட்டி பொரிஞ்சு நிக்கும். போர் தண்ணி உப்பா இருக்கான்னு, கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல பாத்துடுங்க.

500 மீட்டருக்குள்ள இருக்கிறதால சிஆர்இசட், அதாவது கட்டடம் கட்ட கட்டுப்பாடு இருக்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல எல்லைக்குள்ள வர வாய்ப்பு அதிகம், மேல மாடி எடுக்கிற எண்ணம் இருந்தா நகராட்சியில முன்னாடியே விசாரிச்சிடுங்க.

அப்புறம் பத்திரம். அண்ணன் தம்பி விக்கிறாங்கன்னு எழுதிருக்கீங்க, அக்கா தங்கச்சி இருக்காங்களான்னு எழுதவே இல்லையே? இந்து குடும்பமா இருந்து, அவங்க அப்பா சுயமா வாங்கின வீட்டுக்கு உயில் எழுதாம இறந்திருந்தா பொண்ணுங்களுக்கும் அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. அப்பா இறந்தப்போ அவரைப் பெத்த பாட்டி உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் பங்கு வந்திருக்கும், பாட்டி போன பிறகு அது அத்தைங்க வரைக்கும் போகும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். வாரிசு சான்று, மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா எல்லாத்தையும் வக்கீல்கிட்ட காட்டுங்க, பங்கு இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும்.

இதெல்லாம் சரியா இருந்து தளத்துல மட்டும் அங்கங்க பொத்துன்னு கேட்டுச்சுன்னா வீட்டை விட்டுடாதீங்க, இன்ஜினியர்கிட்ட ரிப்பேர் எஸ்டிமேட் எழுதி வாங்கி அந்தத் தொகையை விலையில கழிச்சுப் பேசுங்க, அட்வான்ஸை அதுக்கப்புறம் கொடுங்க.