எண் விடைகளைக் கணினி திருத்தும்போது எத்தனை விழுக்காடு பிழையை ஏற்கலாம்?

மாணவர்கள் தட்டச்சு செய்யும் எண் விடைகளைக் கணினியே திருத்துமாறு ஒரு தேர்வை அமைக்கிறீர்கள். எல்லா வினாக்களுக்கும் பொதுவாக 5 விழுக்காடு என்று வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியதாயிற்று.

என் வினாத்தாளில் உள்ள ஒரு கணக்கு இது: 12,000 கிலோகிராம் நிறையுள்ள பேருந்து சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறது, உயர வேறுபாடு 1,200 மீட்டர் எனக் கொண்டால், அதன் நிலையாற்றல் எவ்வளவு கூடும்? (வழியில் உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று ஒருவராவது கேட்பார். வேண்டியதில்லை.) புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 எனக் கொண்டால் 14,11,20,000 ஜூல், 9.81 எனக் கொண்டால் 14,12,64,000 ஜூல், 10 எனக் கொண்டால் 14,40,00,000 ஜூல் என்று விடை வரும். மூவருக்கும் இயற்பியல் தெரிந்திருக்கிறது; முதல் விடைக்கும் மூன்றாவது விடைக்கும் உள்ள வேறுபாடு 2 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். ஆகவே இங்கே 2.5 விழுக்காடு போதும். இவ்வளவு பெரிய எண்ணுக்கு ‘0.01 வரை’ என்று தனிப்பிழையை (விழுக்காடாக அல்லாமல், விடை இவ்வளவு விலகலாம் என்று நேரடியாகத் தரும் அளவை) வைத்தால், முழு எண்ணையும் பிசகாமல் எழுதியவரைத் தவிர வேறு எவரும் தேற மாட்டார்கள்.

அடுத்த வினாவில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் நீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இதைக் கெல்வின் அலகில் கேட்டால் விடை 368. உயரத்தைப் பற்றிச் சிறிதும் யோசிக்காமல், மனப்பாடமாக வைத்திருக்கும் 373 என்ற எண்ணை ஒருவர் எழுதினாலும், பிழை 1.4 விழுக்காடுதான், 5 விழுக்காட்டு வரம்பு அவருக்கு முழு மதிப்பெண்ணை வழங்கிவிடும். வினா எதைச் சோதிக்க எழுதப்பட்டதோ அதுவே இங்கே சோதிக்கப்படாமல் போகிறது. வெப்பநிலைக்கு ஒப்பீட்டுப் பிழை, அதாவது விழுக்காட்டில் தரும் வரம்பு, பொருந்தாது. 1 டிகிரி என்று தனிப்பிழையாக வையுங்கள். சரியான விடை சுழியாக இருக்கும் வினாக்களுக்கும் இதே வழிதான், ஏனெனில் சுழியின் 5 விழுக்காடும் சுழிதான்.

ஆகவே வரம்பை முடிவு செய்யும் முன், அந்த வினாவில் மாணவர் செய்யக்கூடிய தவறுகளையெல்லாம் நீங்களே செய்து பார்த்து, கிடைக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான வழியில் வரும் எல்லா எண்களும் வரம்புக்குள்ளும், தவறான வழியில் வரும் எண்கள் வெளியிலும் இருக்க வேண்டும். அப்படி ஒரு வரம்பே அமையவில்லையென்றால் வினாவில்தான் கோளாறு. அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன ஊராயிற்றே என்று, 52.4 கிராம் எடையுள்ள ஒரு கொலுசை அளவுசாடியில் அமிழ்த்தி அடர்த்தியைக் காணும் சோதனையை வைத்தேன். நீர்மட்டம் 5 மில்லிலிட்டர் உயர்ந்தது. சாடியில் அரை மில்லிலிட்டர் முன்பின்னாகப் படித்தால் விடை 9.5 முதல் 11.6 வரை எதுவாகவும் வரலாம். வெள்ளியின் அடர்த்தி 10.49, ஈயத்தின் அடர்த்தி 11.34. கருவிக்கு நியாயமான வரம்பை வைத்தால் ஈயமும் வெள்ளியாகத் தேறிவிடும்! கொலுசை நீருக்குள் தொங்கவிட்டு எடையிழப்பைக் காணும் முறைக்குச் சோதனையை மாற்றிய பிறகுதான் வரம்பைக் குறுக்க முடிந்தது.

நிரலை நீங்களே எழுதுவதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சரியான விடை 9.8, அனுமதிக்கும் தனிப்பிழை 0.1 என்று வைத்துக்கொள்வோம். 9.9, 9.7 ஆகிய இரண்டும் ஏற்கப்பட வேண்டும். ஆனால் கணினி பதின்ம எண்களை இரும எண்களாக மாற்றி வைப்பதால், 9.9-இலிருந்து 9.8-ஐக் கழிக்கும்போது 0.1-க்கு ஒரு மயிரிழை குறைவாகவும், 9.8-இலிருந்து 9.7-ஐக் கழிக்கும்போது 0.1-க்கு ஒரு மயிரிழை கூடுதலாகவும் வருகிறது. பைத்தான் நிரல்மொழியில் போட்டுப் பாருங்கள்: பின்னதற்கு 0.10000000000000142 என்று காட்டும். விளைவு, 9.9 எழுதியவருக்கு மதிப்பெண் உண்டு, 9.7 எழுதியவருக்கு இல்லை. வரம்புடன் 0.000000001 அளவுக்கு ஒரு சிறு தளர்வைச் சேர்த்துவிட்டால் இது தீரும்.

இணையவழிப் பாடங்களையும் தேர்வுகளையும் நடத்த உதவும் மூடுல் (Moodle) போன்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தக் கவலையைப் பெரும்பாலும் அதனிடமே விட்டுவிடலாம். அதன் எண் வினா வகையில் கொடுக்கும் பிழை, விழுக்காடு அன்று, தனிப்பிழை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரே வினாவுக்கு இரண்டு வரம்புகளையும் வைக்கலாம்: நெருக்கமான வரம்புக்கு முழு மதிப்பெண், சற்று விரிந்ததற்குப் பாதி.

தேர்வு முடிந்ததும், தள்ளுபடியான விடைகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பேருந்துக் கணக்கில் நான் அப்படிப் பார்த்தபோது, ஒரு மாணவி ‘14.112 கோடி’ என்று எழுதியிருந்தார். கணினி அதற்குச் சுழி போட்டிருந்தது. மதிப்பெண்ணைக் கையால் திருத்திக் கொடுத்துவிட்டு, விடைப் பெட்டியின் மேல் ‘ஜூல் அலகில், இலக்கங்களில் மட்டும் எழுதுக’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன்.