மின்தேக்கி தேக்குவது எதை?

மின்னழுத்தம், மின்தேக்கி ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: மின்சுற்றுப் படங்களில் மின்கலத்தின் எதிர்முனையைச் சுழியம் வோல்ட் என்று குறிக்கிறார்கள். எலக்ட்ரான்கள் மிகுந்திருக்கும் முனையில் மின்னழுத்தம் எப்படிச் சுழியம் ஆகும்?

பதில்: மின்னழுத்தத்தை ஓரிடத்தில் குவிந்திருக்கும் மின்னூட்டத்தின் அளவாக நீங்கள் எண்ணிக்கொண்டதால் வந்த ஐயம் இது. ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதையே மின்னழுத்த வேறுபாடு சொல்கிறது. அந்த வேலை ஒரு ஜூல் என்றால் வேறுபாடு ஒரு வோல்ட். அப்படியானால் ‘இந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்?’ என்று மட்டும் கேட்டால் அது அரைக் கேள்விதான். எந்தப் புள்ளியோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும். சுழியம் என்பது கணக்கிடுபவர் தம் வசதிக்காகத் தேர்ந்துகொண்ட ஒப்பீட்டுப் புள்ளி.

இரண்டு 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, நடுவிலுள்ள இணைப்பைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை +9, மறுமுனை –9. கீழ்முனையைச் சுழியம் என்று மாற்றிக்கொண்டால் நடு இணைப்பு 9, மேல்முனை 18. இரு முனைகளுக்கிடையே இணைத்த விளக்குக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. எப்படிக் குறித்தாலும் அதற்குக் கிடைப்பது 18 வோல்ட்டே.

மாணவர்களுக்கு நான் எப்போதும் வலியுறுத்தும் பயிற்சி ஒன்று உண்டு. சுற்றை வரைந்து, இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் கம்பியால் நேரே இணைந்திருக்கும் பகுதிகளுக்கெல்லாம் ஒரே வண்ணம் தீட்டுங்கள். மின்தடையோ, மின்தேக்கியோ, திறந்த சாவியோ குறுக்கிட்டால் வண்ணத்தை மாற்றுங்கள். ஒரே வண்ணமுள்ள இடங்களுக்கு ஒரே மின்னழுத்தம். மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்த வேறுபாடும் இராது என்று பலர் கருதுகிறார்கள். ஒரு 9 வோல்ட் மின்கலமும் விளக்கும் சாவியும் மட்டுமுள்ள சுற்றில் சாவியைத் திறந்து வைத்து வண்ணம் தீட்டிப் பார்த்தால், 9 வோல்ட் முழுவதும் அந்தச் சாவியின் இரு முனைகளுக்கிடையேதான் நிற்கிறது என்பது விளங்கும்.

கேள்வி: மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருள் இருக்கிறது. அதைக் கடக்க முடியாத மின்னோட்டம், அதனுடன் தொடராக இணைத்த விளக்கைச் சிறிது நேரம் எரிய வைப்பது எவ்வாறு?

பதில்: எலக்ட்ரான்கள் அந்த இடைவெளியைக் கடப்பதில்லை. மின்கலம் ஒரு தகட்டிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்து, அதே எண்ணிக்கையில் மற்றத் தகட்டுக்குத் தள்ளுகிறது. வெளிக்கம்பி வழியே நடக்கும் இந்தப் பெயர்ச்சியில்தான் விளக்கு எரிகிறது. தகடுகளுக்கிடையே வேறுபாடு வளர வளரத் தள்ளுவது கடினமாகிறது. அது மின்கலத்தின் அளவை எட்டியதும் ஓட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே ‘மின்தேக்கி மின்னூட்டத்தைத் தேக்குகிறது’ என்ற வழக்கமான சொற்றொடரைச் சற்றுக் கவனத்துடன் கையாள வேண்டும். ஒரு தகட்டில் மின்னூட்டம் +Q, மற்றதில் –Q, கூட்டினால் சுழியம். லெய்டன் குடுவை என்னும் முதல் மின்தேக்கி 1745, 1746 ஆண்டுகளில் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டபோது, குடுவைக்குள் மின்சாரம் நிரப்பப்படுவதாகவே எண்ணினார்கள். மின்னூட்டம் பெற்ற குடுவையில் மொத்த மின்சாரம் முன்பிருந்ததைவிடக் கூடவில்லை, ஒரு பக்கத்தில் கூடியது மறுபக்கத்தில் குறைந்திருக்கிறது என்பதை 1747-இல் எடுத்துச்சொன்னவர் பெஞ்சமின் பிராங்கிளின். மின்தேக்கி உண்மையில் தேக்குவது, அவ்வாறு பிரித்து வைப்பதற்குச் செலவான ஆற்றலை. எவ்வளவு Q பிரிந்தால் எவ்வளவு மின்னழுத்த வேறுபாடு V உண்டாகும் என்ற விகிதமே மின்தேக்குத்திறன் C: Q = CV.

கேள்வி: 3 மைக்ரோஃபாரட், 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைத் தொடராக 9 வோல்ட் மின்கலத்துடன் இணைத்தேன். சிறியதன் குறுக்கே 6 வோல்ட் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் மல்டிமீட்டரில் அளவு நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது. கணக்கில் பிழையா?

பதில்: கணக்கு சரியானது. தங்கள் அளவீடும் சரியானதே. இந்தக் கேள்வியை அனுப்பியதற்காகத் தங்களைப் பாராட்டுகிறேன், ஏனெனில் தொடரிணைப்பின் உயிர்நாடி இதில் அடங்கியிருக்கிறது.

முதல் மின்தேக்கியின் உள்தகடு, இரண்டாவதன் உள்தகடு, அவற்றை இணைக்கும் கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு தீவு. மற்ற எதனுடனும் அதற்குத் தொடர்பு இல்லை. தொடக்கத்தில் அதன் மொத்த மின்னூட்டம் சுழியம். வெளியே போகவோ உள்ளே வரவோ வழியில்லாததால் இறுதியிலும் சுழியமே. அதன் ஒரு கரையில் –18 மைக்ரோகூலூம் இருந்தால் மறுகரையில் +18 இருந்தாக வேண்டும். தொடரிணைப்பில் மின்னூட்டம் சமம் என்ற விதிக்கு இதுதான் காரணம். ஒரே Q என்னும்போது, சிறிய C உடையதே பெரிய V-ஐப் பெறும்: 18-ஐ 3 ஆல் வகுத்தால் 6 வோல்ட், 6 ஆல் வகுத்தால் 3 வோல்ட். இணைப்பதற்கு முன்பே மின்தேக்கிகளில் ஒன்று மின்னூட்டம் பெற்றிருந்தால் தீவின் மொத்தம் சுழியமாக இராது, அப்போது அந்த விதியும் பொருந்தாது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தவறும் இடம் இது.

தாங்கள் மல்டிமீட்டரை இணைத்த கணத்தில் தீவுக்கு ஒரு பாலம் கட்டிவிட்டீர்கள். பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்மின்தடை சுமார் 10 மெகாஓம். அதன் வழியே 3 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சிறிது சிறிதாக மின்னிறக்கம் அடைகிறது. மற்றது 9 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. இந்த மாற்றத்தின் கால மாறிலி, அதாவது அளவு தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 37 விழுக்காடாக இறங்க ஆகும் நேரம், 10 மெகாஓமை இரு மின்தேக்குத்திறன்களின் கூட்டுத்தொகையான 9 மைக்ரோஃபாரடால் பெருக்கிவரும் 90 விநாடி. அதாவது ஒன்றரை நிமிடத்தில் 6 வோல்ட் சுமார் 2.2 வோல்ட்டாகக் குறைந்திருக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மீண்டும் அளந்து பாருங்கள். தங்கள் மீட்டரின் உள்மின்தடையையே அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

கேள்வி: மின்கலம் QV ஆற்றல் கொடுக்க, மின்தேக்கியில் ½QV மட்டுமே சேர்கிறதே, மறுபாதி எங்கே?

பதில்: கம்பியிலும் மின்தடையிலும் வெப்பமாகிவிடுகிறது. மின்கலம் ஒவ்வொரு கூலூமையும் முழு V-க்கு உயர்த்துகிறது. மின்தேக்கியின் குறுக்கே உள்ள வேறுபாடோ சுழியத்தில் தொடங்கி V வரை ஏறுவதால் சராசரியாக V-இல் பாதியே. மின்தடையைக் குறைத்தால் இழப்பைத் தவிர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் மின்தடை குறையும்போது மின்னோட்டம் பெருகி, வேலை விரைவாக முடிகிறது. வெப்பத்தின் மொத்த அளவு மாறுவதில்லை. இழப்பைக் குறைக்க வேண்டுமானால் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதலில் பாதி வோல்ட்டில் நிரப்பி, பிறகு முழு வோல்ட்டுக்கு மாற்றினால் இழப்பு சரிபாதியாகும். பத்துச் சமபடிகளில் ஏற்றினால் பத்தில் ஒரு பங்காகும். ஒவ்வொரு படியிலும் எலக்ட்ரான்களைத் தள்ளும் மிகையான வேறுபாடு சிறிதாக இருப்பதே இதற்குக் காரணம்.