கேள்வி மேடை: டிஸ்க்கில் குடியிருக்கும் கேவிராக்ஸ்

ரெடிஸ் டேட்டாபேஸில் 150 ஜிபியை நெருங்கிவிட்டோம். ராம் வாங்கி மாளவில்லை. கேவிராக்ஸுக்கு மாறினால் புரோகிராமைத் திருத்தி எழுத வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கேவிராக்ஸும் ரெடிஸ் போன்ற ஒரு டேட்டாபேஸ், பேசுவது ரெடிஸின் மொழியேதான். இப்போது நீங்கள் வைத்திருக்கும் கிளையண்ட் லைப்ரரியே போதும், போர்ட்டை மட்டும் 6379-இலிருந்து 6666-க்கு மாற்றுங்கள். ரெடிஸ் எல்லாவற்றையும் ராமில் வைத்துக்கொள்ளும். கேவிராக்ஸோ ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு லைப்ரரி வழியாக டிஸ்க்கில் எழுதி, அடிக்கடி தொடுகிற பகுதியை மட்டும் ராமில் வைத்திருக்கும். ராமில் இல்லாத கீயை, அதாவது டேட்டாவைத் தேடும் பெயரைக் கேட்டால் டிஸ்க்குக்குப் போய் வர வேண்டும். அதனால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிடுங்கள். எஸ்எஸ்டி, முடிந்தால் அதிலும் வேகமான என்விஎம்ஈ வகை.

இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. ராக்ஸ்டிபி பழைய ஃபைலைத் திருத்தாது. புதிதாக எழுதி, பின்னால் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கும். இதற்குப் பெயர் கம்பாக்‌ஷன். சேர்த்து முடியும்வரை பழையதும் புதியதும் டிஸ்க்கில் ஒன்றாக இருக்கும். டேட்டாவுக்குச் சமமான அளவு காலி இடம் இருந்தால் நிம்மதி. டிஸ்க் 90 சதவீதம் நிரம்பிய பிறகு கம்பாக்‌ஷனுக்கு இடம் தேடுவது நடக்காத காரியம்.

2 ஜிபி ராம் உள்ள சர்வரில் கேவிராக்ஸை மூலக்கோடிலிருந்து கம்பைல் செய்தேன். பாதியில் 'கில்ட்' என்று நின்றுவிட்டது. மறுபடி மறுபடி அதே கதை.

மூலக்கோடில் தப்பு இல்லை, ராம் பற்றவில்லை. ராக்ஸ்டிபியும் கூடவே கம்பைல் ஆவதால், சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும்போது லினக்ஸ் கர்னலே அதைக் கொன்றுவிடுகிறது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்ட் கொடுத்துப் பார்த்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி தெரியும். 4 ஜிபி ஸ்வாப் (ராமுக்குத் துணையாகும் டிஸ்க் இடம்) போட்டுக்கொண்டு, 'எக்ஸ்.பை பில்ட்' கமாண்டுடன் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் ஓட ஹைஃபன் ஜே 1 கொடுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் முடியும். அதற்கு முன் பில்ட்-எசென்ஷியல், சிமேக், லிப்டூல், பைத்தான் 3, ஓபன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் பேக்கேஜ் ஆகியவை ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெரிய மெஷினில் கம்பைல் செய்து பைனரியை மட்டும் நகலெடுப்பதும் நல்ல வழிதான். ஆனால் இரண்டிலும் ஒரே உபுண்டு பதிப்பு இருக்க வேண்டும். ஓட்டியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்தால், கம்பைல் செய்த மெஷினின் சிபியு புதியது, ஓடுகிற மெஷினுடையது பழையது என்று பொருள். போர்ட்டபிள் ஆப்ஷனை 1 ஆக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

இன்னொன்று: ராக்ஸ்டிபி படித்த டேட்டாவை ராமில் வைக்கும் பிளாக் கேஷ் டிஃபால்ட்டாக 4096 எம்பி. உங்கள் சர்வரின் மொத்த ராமே 2 ஜிபி! முதல் நாள் ஒன்றும் தெரியாது. கேஷ் நிரம்ப நிரம்பத்தான் சர்வர் சாகும். 512-க்குக் குறைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. சர்வரை ரீபூட் செய்ததும் எல்லாம் காலி. டிஸ்க்கில் எழுதும் என்றார்களே?

எழுதியது, ஆனால் தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரில். கான்ஃபிக் ஃபைலில் 'டிர்' என்ற வரியைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் டெம்ப் அடியில் உள்ள கேவிராக்ஸ் ஃபோல்டரைத்தான் காட்டும், பல லினக்ஸ்களில் ரீபூட் ஆனதும் டெம்ப் துடைக்கப்படும். டேட்டா டிஸ்க்கில் தனி ஃபோல்டர் உண்டாக்கி, சர்வீஸ் ஓடும் யூசருக்கு அதை உரிமையாக்கி, 'டிர்' வரியில் அந்தப் பாதையைக் கொடுங்கள். துடைக்கப்பட்டது திரும்பாது.

கையோடு எந்த முகவரியில் கேட்பது என்ற 'பைண்ட்', பாஸ்வேர்டுக்கான 'ரிக்வையர்பாஸ்' இரண்டையும் சரிசெய்யுங்கள். வெளி முகவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து வைக்கவே கூடாது. ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை வரம்பை லிமிட்ஸ் கான்ஃபில் உயர்த்தினால் சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸுக்கு அது பொருந்தாது. சர்வீஸ் ஃபைலிலேயே 'லிமிட் நோ ஃபைல்' போட வேண்டும்.

பாதி கீக்களை அழித்தும் டிஸ்க் அளவு இறங்கவில்லை. கீக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் டிபிசைஸ் வேறு 0 காட்டுகிறது.

அழிப்பதும் இங்கே ஓர் எழுத்துதான்: 'இது இனி இல்லை' என்று ஒரு குறிப்பு சேர்கிறது. கம்பாக்‌ஷன் அந்தப் பகுதியைத் தொடும்போதுதான் இடம் திரும்பக் கிடைக்கும். காலாவதியான கீக்களுக்கும் இதே கணக்கு. 'கம்பாக்ட்' கமாண்ட் கொடுக்கலாம்; பகலில் வேண்டாம், டிஸ்க் திணறும். கான்ஃபிக்கில் 'கம்பாக்ட்-கிரான்' வரியில் இரவு 3 மணி என்று குறித்துவிட்டால் தானே நடக்கும்.

டிபிசைஸ் உடனுக்குடன் எண்ணாது, கடைசியாக எண்ணி வைத்ததையே சொல்லும். ஒருமுறைகூட எண்ணவில்லை என்றால் 0. 'டிபிசைஸ் ஸ்கேன்' கொடுத்துக் கொஞ்சம் பொறுத்து, மறுபடி டிபிசைஸ் கேளுங்கள்.

பேக்கப்புக்கான பிஜிசேவ் கமாண்ட் நொடியில் முடிகிறது. உண்மையில் பேக்கப் எடுக்கிறதா?

எடுக்கிறது, நகலெடுக்காமல். டேட்டா ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டு 'பேக்கப்' ஃபோல்டரில் வைக்கிறது; அதனால்தான் அந்த வேகம். இதில் இரண்டு சிக்கல்கள். அந்த டிஸ்க் போனால் பேக்கப்பும் கூடவே போகும். முடிந்த கையோடு ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். இரண்டாவது, கம்பாக்‌ஷன் கழித்துக்கட்டிய பழைய ஃபைல்களை அந்த லிங்க் பிடித்து வைத்திருக்கும். பேக்கப்பை வைத்திருக்கும் நேரம் நீள நீள டிஸ்க் வீங்கும். டிஃபால்ட்டாக 1 பேக்கப், 24 மணி நேரம். அதைக் கூட்டாதீர்கள்.

மீட்கும்போது சர்வரை நிறுத்தி, 'டிபி' ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றி, பேக்கப்பை 'டிபி' என்ற பெயரில் வைத்து, ஃபைல் உரிமையைச் சர்வீஸ் யூசருக்கே திருப்புங்கள். ரூட்டாக நகலெடுத்துவிட்டு இதை மறந்தால் சர்வர் எழாது. 'லாக்' (பூட்டு) ஃபைலைக் காட்டி 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்' என்றால் பழைய கேவிராக்ஸ் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்துங்கள், லாக் ஃபைலை அழிக்காதீர்கள்.