பழுத்த பழத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காய்க்கு எப்படி அது தெரிகிறது?

"பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் காய்களோடு வைத்தால் அவையும் சீக்கிரம் பழுக்கின்றனவே, காய்க்கு மூக்கா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அப்படி ஒன்று இருக்கிறது.

எங்கள் அப்பப்பா நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். வளவுக்குள் கிடங்கு வெட்டி, வாழைச்சருகு பரப்பி, கதலிக்குலைகளை அடுக்கி மூடுவார். ஒரு பக்கத்துத் துளையால் பொச்சு எரித்த புகையை உள்ளே ஊதி, துளையையும் அடைத்துவிடுவார். சில நாளில் குலை மஞ்சளாகிவிடும். "சூட்டில பழுக்குது" என்பார். நானும் கனகாலம் அப்படித்தான் நம்பினேன். சூடும் உதவும்தான், ஆனால் பெரிய வேலையைச் செய்தது புகையில் இருந்த எதிலீன் வாயு. அதே வாயுவைப் பழங்களும் தாங்களாகவே உண்டாக்குகின்றன. ஆப்பிளில் இதை 1934இல் காட்டினார்கள்.

சரி, காய் அதை எப்படி உணர்கிறது? கலத்துக்குள் வலைபோல மடிந்து கிடக்கும் ஒரு மென்சவ்வில் சில புரதங்கள் இருக்கின்றன. இவைதான் எதிலீன் வாங்கிகள். அவை செப்பு அயனைப் பிடித்து வைத்திருக்கின்றன. எதிலீன் வந்து ஒட்டுவது அந்தச் செப்பில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். வாங்கிகள் எதிலீன் வரும்வரை சும்மா இருப்பதில்லை. படலையைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் காவல்காரர் போல, "இன்னும் வேண்டாம்" என்று ஓயாமல் தடுத்துக்கொண்டிருக்கின்றன. சீரீஆர்1 என்ற புரதத்தை ஏவி, ஈஐஎன்2 என்ற இன்னொன்றை அடக்கி வைக்கின்றன. எதிலீன் ஒட்டியதும் பிடி தளர்கிறது. ஈஐஎன்2இன் ஒரு துண்டு அறுபட்டுக் கலத்தின் கருவுக்குள் போகிறது. அதுவரை உண்டாக உண்டாக அழிக்கப்பட்டுவந்த ஈஐஎன்3 என்ற புரதம் அங்கே சேர்ந்து, எதிலீனுக்குரிய மரபணுக்களை இயக்கிவிடுகிறது.

இதை எப்படி உறுதிசெய்தார்கள்? கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடொப்சிஸில் இப்படி ஐந்து வாங்கிகள் உண்டு. அவற்றில் பலவற்றை ஒன்றாகக் கெடுத்துப் பார்த்தார்கள். செடி எதிலீனை உணராமல் போகும் என்றுதானே நினைப்போம்? மாறாக, துளி எதிலீன் இல்லாமலேயே அதில் மூழ்கியது போல நடந்துகொண்டது. காவல்காரரே இல்லாவிட்டால் படலை திறந்துதானே கிடக்கும்!

கார்பைட்டுக் கல்லும் இந்தப் படலையைத்தான் தள்ளுகிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து வரும் அசற்றிலீன், எதிலீனைப் போல, ஆனால் பலவீனமாக, அதே இடத்தில் ஒட்டும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பொஸ்பரஸ் கலப்பும் இருக்கலாம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கறுத்தக்கொழும்பான் மாங்காய்களைக் கடதாசிப் பெட்டியில் போட்டு, இரண்டு பழுத்த வாழைப்பழம் வைத்து மூடினாலே போதும். முற்றிய காயாக மட்டும் பார்த்துப் பிடுங்குங்கள். பிஞ்சில் பிடுங்கினது நிறம் மாறினாலும் இனிக்காது. அப்புறம், அன்னாசிக்கும் தோடைக்கும் இந்த வழி சரிவராது. பிடுங்கிய பின் அவை மேலும் இனிப்பதில்லை.