மாப்பிள்ளை அமெரிக்கர், கல்யாணம் கானாடுகாத்தானில்

கேள்வி: மகள் சிகாகோவில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அமெரிக்கர், கிறிஸ்தவர். எங்கள் பெரிய வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) தாலி கட்டுவதாக முடிவு. அமெரிக்காவில் முன்கூட்டியே கல்யாண லைசென்ஸ் வாங்குவார்களாமே, இங்கேயும் உண்டா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: லைசென்ஸ் என்று இங்கே எதுவும் கிடையாது, அம்மா. அங்கே வாங்கும் லைசென்ஸை இங்கே கொண்டுவந்தும் பயனில்லை, சிகாகோவில் வாங்கினால், கொடுத்த கவுண்டிக்குள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நடக்கும் கல்யாணத்துக்குத்தான் அது செல்லும். மதம் வேறு என்பதால் உங்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழக்கமான வழி. சிக்கல் எங்கே என்றால், இருவரில் ஒருவராவது மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருந்து, அப்புறம் திருமணப் பதிவு அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்து, அதற்குமேல் இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, மகளுக்கு இரண்டு மாத லீவு வேண்டும், கிடைக்குமா? மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர், அதற்கு உங்கள் பங்காளிகளே போதும்.

லீவு இல்லையென்றால் அங்கேயே சட்டப்படி பதிந்துவிட்டு வரட்டும். நானாயிருந்தால் அதைத்தான் செய்வேன். இங்கே முகப்பில் உட்கார்ந்து இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தத் தாள்) எழுதுங்கள், ஆனால் விசாவுக்கு அந்தத் தாளை நீட்டிவிடாதீர்கள்!